நிலவுக்குப் போகும் முன்பே நிலவை வரைந்தவர்



பதிவு கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் திறந்திருந்தால் மூடிவிட்டு, ராத்திரி சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படியுங்கள்.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதன் பிறகு விக்ரம் அனுப்பிய படங்களையும் பார்த்தோம். சாம்பல் நிறத் தரை, சின்னதும் பெரியதுமாகக் குழிகள், அங்கங்கே கற்கள். அவ்வளவுதான். ஆனால் பழைய விஞ்ஞானக் கதைப் புத்தகங்களின் அட்டையில், பழைய ஆங்கிலப் படங்களில் வரும் நிலவு இப்படி இருக்காது. கோயில் கோபுரம்போலச் செங்குத்தான மலைகள், கத்தி முனைபோன்ற சிகரங்கள், அவற்றின் நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு ராக்கெட். அந்த நிலவை உலகத்தின் மனதில் அழுத்தமாகப் பதித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் செஸ்லி பானஸ்டெல். அமெரிக்க ஓவியர். மாடல் செய்து, அதைப் பார்த்துப் படம் வரைந்தவர். இன்றைய பதிவு அவரைப் பற்றித்தான்.

1888 ஜனவரி 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1905 இல், 17 வயதில், ஹாமில்டன் மலைமேல் இருக்கும் லிக் வானாய்வகத்துக்குப் போனார். அங்கே பெரிய தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தார். இன்னொன்றில் சனிக்கோளை அதன் வளையத்தோடு பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சனியை வரைந்து வைத்தார். அடுத்த ஆண்டு, 1906 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம். அதைத் தொடர்ந்த தீயில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. அந்தப் படமும் எரிந்து போனது.

இனி அவர் சனியை வரைந்து பெயர் வாங்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். அந்த 40 ஆண்டும் வீணாகவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார். பட்டம் வாங்காமலே வெளியே வந்துவிட்டார். ஆனால் கை ஓடியது. கட்டட நிபுணர்களுக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. இது என்ன வேலை என்று கேட்பீர்கள். இப்போது ஃபிளாட் விற்கிறவர்கள் ரோட்டோரம் பலகை வைக்கிறார்களே, இன்னும் அஸ்திவாரமே போடாத கட்டடம், முன்னால் புல்வெளி, பிள்ளைகள் சைக்கிள் விடுவதுபோல் ஒரு படம்! அதே வேலைதான். இல்லாத கட்டடத்தை, கட்டி முடித்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைய வேண்டும். நம் ஊர்ப் பலகையில் பார்க் இருக்கும், நேரில் போனால் செப்டிக் டேங்க் இருக்கும். பானஸ்டெல் வேலை செய்த இடங்களில் அந்தச் சலுகை கிடையாது. வெயில் எந்தப் பக்கம் விழும், நிழல் எவ்வளவு நீளும், கீழே நின்று பார்த்தால் உச்சி எவ்வளவு சிறுத்துத் தெரியும் என்று அளவெடுத்து வரைய வேண்டும்.

நியூயார்க்கில் 1930 இல் கட்டி முடித்த கிரைஸ்லர் கட்டடத்தின் முகப்பு வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1937 இல் திறக்கப்பட்டது. அது எப்படிக் கட்டப்படும், முடிந்தபின் எப்படி இருக்கும் என்று மக்களுக்குக் காட்டும் படங்களை, தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸுக்காக இவர் வரைந்தார். பாலம் எழுந்த பிறகு யார் வேண்டுமானாலும் படத்தையும் பாலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

1938 இல், 50 வயதில், ஹாலிவுட் போனார். அங்கே மேட் பெயின்டிங் என்று ஒரு வேலை. ஸ்டுடியோவில் அரண்மனை முழுவதையும் கட்ட முடியாது. கீழ்ப்பகுதியை மட்டும் செட் போட்டு நடிகர்களை நடக்கவிட்டுப் படம் பிடிப்பார்கள். மேல்பகுதியை ஓவியர் வரைவார். இரண்டையும் ஃபிலிமில் ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பார்கள். இன்று கம்ப்யூட்டரில் செய்வதை அன்று தூரிகையில் செய்தார்கள். 1939 இல் வந்த நோத்ர தாம் கூனன் படம், 1941 இல் வந்த சிட்டிசன் கேன் ஆகியவற்றில் இவர் வரைந்த கட்டடங்கள் உண்டு. படம் பார்த்தவர்கள் அதைக் கல் கட்டடம் என்றுதான் நினைத்தார்கள்.

கட்டட அலுவலகத்தில் அளவு கற்றார். சினிமாவில் கேமராவின் பார்வையைக் கற்றார். அதன் பிறகுதான் 17 வயதில் பார்த்த சனிக்குத் திரும்பினார்.

சனியைச் சுற்றிப் பல துணைக்கோள்கள் உண்டு. ஒவ்வொன்றின் தரையிலும் நின்று பார்த்தால் சனி எப்படித் தெரியும்? சினிமாவில் கேமராவை இடம் மாற்றி மாற்றி வைப்பதுபோல், ஒவ்வொரு துணைக்கோளாகப் போய் நின்று வரைந்தால் என்ன? இதுதான் அவருக்கு வந்த யோசனை.

கணக்குப் பிடிக்காது என்று ஓடியவர்களும் இதைச் செய்து பாருங்கள். கையை நீட்டி ஒரு பொருளைப் பிடித்தால் கண்ணுக்கும் அதற்கும் ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நம் நிலவை மறைக்க அந்தத் தூரத்தில் அரை சென்டிமீட்டர், அதாவது ஒரு பாசிப்பயறு போதும். சந்தேகமிருந்தால் பௌர்ணமியன்று சோதித்துப் பாருங்கள். சனியின் குறுக்களவு சுமார் 1.2 லட்சம் கிலோமீட்டர். அதன் பெரிய துணைக்கோளான டைட்டன் இருப்பது சுமார் 12 லட்சம் கிலோமீட்டர் தள்ளி. பத்துக்கு ஒன்று. அப்படியானால் டைட்டனில் நின்று கையை நீட்டிச் சனியை மறைக்க, 57 இல் பத்தில் ஒரு பங்கு, 5.7 சென்டிமீட்டர் பொருள் வேண்டும். ஒரு பெரிய எலுமிச்சம்பழம். மைமாஸ் என்ற துணைக்கோள் சனிக்கு மிக அருகில், சுமார் 1.86 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. அங்கே நின்றால் எலுமிச்சை பத்தாது. அரிசி புடைக்கிற முறம் வேண்டும்.

பானஸ்டெல் செய்தது இந்தக் கணக்கைத்தான். சனி எவ்வளவு பெரிது, வெளிச்சம் எந்தப் பக்கம், டைட்டனிலிருந்து வளையம் ஏன் மெல்லிய கோடாக மட்டும் தெரியும் என்று எல்லாம் கணக்கிட்டு வரைந்தார். 1944 மே 29 தேதியிட்ட லைஃப் பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். போர்ப் புகைப்படங்களுக்குப் பெயர்போன பத்திரிகையில், வேற்று உலகத்துக்குப் போய் எடுத்த போட்டோபோல அந்தச் சனி! அப்போது அவருக்கு வயது 56.

அதன் பிறகு நிற்கவில்லை. 1947 முதல் விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் வரைந்தார். 1949 இல், ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த எழுத்தாளர் வில்லி லேயோடு சேர்ந்து விண்வெளிப் பயணம் பற்றி ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார்.

இனி மாடல் செய்த கதை. 1950 இல் டெஸ்டினேஷன் மூன் என்ற படம் வந்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் பால். கதை வசனத்தில் பங்கெடுத்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன். நிலவில் ராக்கெட் இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பானஸ்டெலுக்கு. நிலவின் வடபகுதியில் இருக்கும் ஹார்ப்பலஸ் என்ற பள்ளத்தைச் சொன்னார். காரணம், அங்கிருந்து பார்த்தால் பூமி அடிவானத்துக்கு மேலே தாழ்வாகத் தெரியும். நடிகரும் பூமியும் ஒரே காட்சிக்குள் வருவார்கள். நடுப்பகுதியில் இறக்கினால் பூமி தலைக்கு மேலே போய்விடும்.

பிறகு அந்தப் பள்ளத்தைக் களிமண்போன்ற பொருளில் சிறிய மாடலாகச் செய்தார். அதன் நடுவில் ஊசித்துளைக் கேமராவை வைத்துச் சுற்றிலும் படம் எடுத்தார்கள். ஏன் ஊசித்துளைக் கேமரா? அட்டைப்பெட்டியில் நாம் செய்தோமே, அதே தத்துவம்தான். சாதாரண லென்ஸை ஒரு சின்ன மாடலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏதாவது ஒரு தூரம்தான் தெளிவாக விழும். மீதி மங்கிவிடும். பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். ஊசித்துளையில் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் ஒரே தெளிவில் விழும். காற்றில்லாத நிலவிலும் அப்படித்தான் தெரியும். அங்கே தூரத்து மலையை மங்கலாக்கப் பனிமூட்டமோ தூசியோ இல்லை. அந்த ஃபோட்டோவைப் பெரிதாக்கி, அதன்மேல் வண்ணம் தீட்டி, அதைப் பார்த்துத்தான் ஸ்டுடியோ ஓவியர்கள் பிரம்மாண்டமான பின்னணித் திரையை வரைந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வருத்தம். செட் போட்டவர்கள் நிலவின் தரையை ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்த மண்போலச் செய்துவிட்டார்கள். கிட்டே பெரிய பாளம், தூரப் போகப் போகச் சின்னப் பாளம் என்று வைத்தால் சின்ன செட் மைதானம்போலத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. பானஸ்டெல் ஏற்கவில்லை. மண் வெடிக்க முதலில் அது சேறாக இருந்திருக்க வேண்டும், சேறாக இருக்கத் தண்ணீர் வேண்டும், நிலவில் ஏது தண்ணீர் என்பது அவர் வாதம். அந்தப் படம் சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் வாங்கியது. பாளங்களும் படத்தில் அப்படியே இருக்கின்றன.

1952 முதல் 1954 வரை காலியர்ஸ் என்ற வாரப் பத்திரிகை, விண்வெளிக்கு எப்படிப் போவது என்று ஒரு தொடர் வெளியிட்டது. முக்கியமாக எழுதியவர் வெர்னர் ஃபான் பிரவுன். ஹிட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ராக்கெட் செய்து கொடுத்து, போருக்குப் பின் அமெரிக்கா வந்தவர். அந்த ராக்கெட் தொழிற்சாலையில் சிறைக்கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய ராக்கெட் திட்டங்களுக்குப் படம் வரைந்த மூவரில் பானஸ்டெல் ஒருவர். ஃபான் பிரவுனே பின்னாளில் எழுதியிருக்கிறார்: தாம் அனுப்பும் வரைபடத்தில் தவறு இருந்தால் பானஸ்டெல் விடமாட்டார், கேள்விகளோடு திருப்பி அனுப்புவார் என்று. அந்தத் தொடர் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. ஸ்புட்னிக் மேலே போனது 1957 அக்டோபர் 4. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே சாதாரண அமெரிக்கக் குடும்பங்கள் இதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று நம்பத் தொடங்கியதற்கு இந்தப் படங்கள் ஒரு முக்கியக் காரணம்.

அதே 1957 இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த நிலவுக் காட்சியை வைத்தார்கள். நீளம் 40 அடி, உயரம் 10 அடி. ஊசிமுனைச் சிகரங்கள், செங்குத்துப் பாறைகள், மேலே பூமி. பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் வாய் பிளந்து நின்றிருப்பார்கள்.

1966 ஜூனில் சர்வேயர்-1 நிலவில் இறங்கிப் படம் அனுப்பியது. 1969 ஜூலையில் அப்பல்லோ-11 போனது. 1971 இல் அப்பல்லோ-15 ஒரு மலையடிவாரத்திலேயே இறங்கியது. ஹாட்லி மலை என்று பெயர், 4 கிலோமீட்டருக்கும் மேல் உயரம். அதுவும்கூட வழவழவென்று, யானை முதுகுபோல உருண்டுதான் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்களும் விண்தூசியும் இடைவிடாமல் மோதி மோதி மலைகளின் மேல்பரப்பைப் பொடியாக்கிச் சரித்துவிட்டன. காற்றும் மழையும் இல்லாததால் தேய்மானம் இருக்காது என்று பலர் நினைத்திருந்தார்கள். தேய்மானம் வேறு வழியில் நடந்திருக்கிறது.

1970 இல் பாஸ்டன் அருங்காட்சியகம் அந்த 40 அடிப் படத்தை இறக்கிவிட்டது. இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 82 வயதில் ஒரு மனிதர், தான் வரைந்ததிலேயே பெரிய படங்களில் ஒன்று சுவரிலிருந்து இறங்குவதைக் கேள்விப்படுகிறார். தன் மலைகள் தவறாகிவிட்டன என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். பாவம், அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்று சொல்லி இதை விட்டுவிட முடியாது. தெரிந்தவர் இருந்தார். லூசியன் ருடோ என்ற பிரெஞ்சுக்காரர், வானியலும் தெரிந்த ஓவியர். தொலைநோக்கியில் நிலவின் விளிம்பைப் பொறுமையாகக் கவனித்தார். மலைகள் கூராக இல்லை, மொழுக்கையாக இருக்கின்றன என்று கண்டு அப்படியே வரைந்தார். வேற்று உலகங்கள் பற்றிய அவருடைய படப் புத்தகம் 1937 இலேயே வந்துவிட்டது.

மற்றவர்கள் ஏமாந்தது நிழலில். நிலவில் சூரியன் உதிக்கும் இடத்தில் மலை நிழல்கள் ஊசிபோல நீண்டு விழும். நிழல் கூராக இருந்தால் மலையும் கூராகத்தான் இருக்கும் என்று தோன்றும். இன்று மாலை வெயில் சாயும்போது மொட்டை மாடியில் ஒரு பிடி மணலைக் குவித்து வைத்துப் பாருங்கள். குவியல் உருண்டைதான். நிழல் ஈட்டிபோல நீளும். 1874 இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பொறியாளரும் நிலவு மலைகளை பிளாஸ்டரில் மாடல் செய்து, வெயிலில் வைத்துப் படம் எடுத்து ஒரு புத்தகத்தில் வெளியிட்டார். அவர் செய்த மலைகளும் கூர்தான்.

ஆக, பானஸ்டெலின் ஒரே படத்துக்குள் இரண்டு வகைச் சங்கதி இருக்கிறது. பூமி எவ்வளவு பெரிது, எந்த உயரத்தில் நிற்கும், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அளந்து போட்டவை. அவை இன்றும் சரி. மலையின் வடிவம் அவர் மனம் விரும்பியது. அது தவறு. இரண்டையும் அதே கை, அதே சுத்தத்தோடு வரைந்தது. பார்க்கிறவருக்கு எது அளந்தது, எது ஆசைப்பட்டது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. கோல்டன் கேட் பாலம் என்றால் கட்டி முடித்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேனே. நிலவுக்கு அப்படி ஒரு ஒப்பீடு 1966 வரை வரவில்லை. அதுவரை போட்டோபோல இருந்ததே சாட்சியாகிவிட்டது.

தீபாவளி தோறும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வருகிறது. தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா என்று போட்டு, நாசா எடுத்தது என்பார்கள். நான் ஒவ்வொரு வருடமும் சொல்லி அலுத்துவிட்டேன். அது ஒரு இரவில் எடுத்த படமே இல்லை. பல ஆண்டுகளில் நகர வெளிச்சம் எப்படிப் பெருகியது என்று காட்ட, வெவ்வேறு ஆண்டுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்து அமெரிக்க விஞ்ஞானிகள் செய்த வரைபடம். அதில் ஊர்கள் இருக்கும் இடம் சரி. தீபாவளிதான் தவறு. அங்கேயும் சரியும் தவறும் ஒரே படத்துக்குள் இருக்கின்றன. இப்போது கம்ப்யூட்டரே நிமிடத்தில் படம் செய்து தருகிறது. இந்தச் சிக்கல் உங்கள் பிள்ளைகள் காலத்தில் இன்னும் பெரிதாகும்.

அதற்காகப் பானஸ்டெலை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். ருடோ சரியாக வரைந்தார். ஆனால் பெரும் கூட்டத்தை விண்வெளியை நோக்கி நிமிர்ந்து பார்க்கவைத்தவை பானஸ்டெலின் படங்கள்தான். அவற்றைப் பார்த்து வளர்ந்து வானியலும் ராக்கெட் பொறியியலும் படிக்கப் போனவர்கள் பலர். அவர்கள் துறைதான் அவர் மலைகளைத் தவறு என்று நிரூபித்தது. ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது என்பது என் எண்ணம். நாம் சொல்லிக் கொடுத்ததில் ஒரு பகுதியை நம் பிள்ளைகளே திருத்த வேண்டும். திருத்தும் அளவுக்கு அவர்களுக்கு ஆர்வத்தை ஊட்டியிருந்தால் போதும்.

1974 இல் விஞ்ஞானக் கதை உலகம் அவருக்குச் சிறப்பு ஹியூகோ விருது கொடுத்தது. நிலவு மலைகள் தவறென்று தெரிந்த பிறகு கொடுத்த விருது அது. செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும், ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் உண்டு. 1986 ஜூன் 11 அன்று, 98 வயதில், கலிபோர்னியாவில் கார்மெல் என்ற ஊரில் காலமானார்.

அவர் பார்க்காமல் போனது ஒன்று. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் டைட்டனில் இறங்கியது. அவர் லிக் வானாய்வகத்தில் சனியைப் பார்த்துச் சரியாக நூறாவது ஆண்டு. டைட்டனின் வானம் முழுக்க ஆரஞ்சு நிற மூட்டம். தரையில் நின்றால் சனி தெரியவே தெரியாது. எலுமிச்சம்பழக் கணக்கு முற்றிலும் சரி. இடையில் ஒரு திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுப்பாடம்: மணல் குவியலையும் பாசிப்பயறையும் உங்கள் பிள்ளைகளோடு, பேரப்பிள்ளைகளோடு செய்து பாருங்கள். பார்த்ததைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த முறை யாராவது ஒரு படத்தை அனுப்பினால், இதில் அளந்தது எது, ஆசைப்பட்டது எது என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்